வாசலில் நின்றுவிடும் படங்கள்

வெள்ளையடித்துப் பல காலமான பலகைச் சுவர். கூம்புக் கோபுரத்தின் உச்சியில் லேசாகச் சாய்ந்த சிலுவை. சுற்றிலும் முழங்கால் உயரப் புல், பின்னால் மழையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கருநீல மேகம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் சாய்ந்த வெயில். ஆள் அரவம் இல்லை. கனடாவின் மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்களிலும், எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் பரந்து கிடக்கும் பிரெய்ரி சமவெளியின் தேவாலயங்கள் நமக்குப் பெரும்பாலும் இந்த ஒரே கோலத்தில்தான் காட்டப்படுகின்றன. நாட்காட்டிகளிலும் பரிசுப் போட்டிகளிலும் தொகுப்பு நூல்களிலும் இது ஒரு தனி வகைமையாகவே நிலைத்துவிட்டது.

இந்தப் படங்களில் நல்லவை கிடைத்தால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஈர்ப்பிலிருந்துதான் இந்த விமர்சனமும் பிறக்கிறது. இந்த வகைமை செய்திருக்கும் பதிவுப் பணி பெரியது. ஆனால் அதன் பெரும்பகுதி வாசலைத் தாண்டுவதில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, வெளிச்சத்துக்குக் காத்திருந்து, எடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அப்படிப் போகும்போது, இன்னும் மூச்சு இருக்கிற ஒரு கட்டடத்தை முன்கூட்டியே இடிபாடாக்கிவிட்டுப் போகிறது.

அந்தத் தனிமையையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், நடுவில் ஒற்றைத் தேவாலயம். பார்த்தவுடன், இங்கே ஓர் ஊர் இருந்து அழிந்திருக்கிறது என்று மனம் முடிவுகட்டிவிடும். பெரும்பாலான இடங்களில் அப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை. 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணம் செலுத்தி, குடியிருந்து, உழுது காட்டியவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. நிலம் முழுவதும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் 36 பிரிவுகளாக, ஒவ்வொரு பிரிவும் நான்கு கால்களாகக் கூறுபோடப்பட்டது. ஒரு கால் பிரிவில் ஒரு குடும்பம். அந்தந்தக் குடும்பம் அதனதன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால், ஐரோப்பிய கிராமத்தைப் போல வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவுக்கு வழியே இல்லாமல் போயிற்று. மென்னோனைட்டுகளைப் போன்ற சில குழுவினர் மட்டுமே சேர்ந்து வாழ அனுமதி பெற்றுத் தங்கள் பழைய கிராம அமைப்பைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு யாரோ ஒருவர் கொடுத்த ஓரிரண்டு ஏக்கரில், எல்லோருக்கும் ஏறக்குறைய நடுவாக, வயலோரத்தில் தேவாலயம் எழுந்தது. திறந்த நாளிலேயே அது தனியாகத்தான் நின்றது. ஞாயிற்றுக்கிழமை குதிரை வண்டிகள் வந்து சேரும்போது சில மணி நேரம் அங்கே ஊர் உண்டாகும், பிறகு கலைந்துவிடும். இன்றைய படம் அந்தப் பழைய தனிமையை எடுத்துச் சாவின் அடையாளமாகக் காட்டுகிறது. நில அளவைக்காரர் போட்ட கோட்டின் விளைவு, படத்தில் காலம் இழைத்த சோகமாக மாறிவிடுகிறது.

கைவிடப்படவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சஸ்காட்செவனில் 1936இல் ஏறத்தாழ 1,42,000 பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34,000 சொச்சம்தான் மிச்சம். மோட்டார் வண்டி வந்ததும் அடுத்த ஊரின் பெரிய கோயில் எட்டும் தூரமாயிற்று. 1925இல் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல் சபையினரும் பிரஸ்பிட்டேரியன்களில் பெரும்பாலோரும் ஒன்றிணைந்து கனடா ஐக்கிய சபை உருவானபோது, அருகருகே இருந்த பல கட்டடங்களில் ஒன்று போதும் என்றாயிற்று. 1897 முதல் தானியத்துக்கு இருந்து வந்த சலுகை ரயில் கட்டணம் 1995இல் முடிவுக்கு வந்தபின் கிளைப் பாதைகள் வேகமாக மூடப்பட்டன. பாதையோடு தானியக் கோபுரமும் கடையும் பள்ளியும் போயின. கனடா முழுவதிலும் உள்ள 27,000 வழிபாட்டுக் கட்டடங்களில் 9,000 அடுத்த பத்தாண்டில் இழக்கப்படலாம் என்று 2019இல் கனடாவின் தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை மதிப்பிட்டது. இவை எல்லாம் எந்திரம், சட்டம், சரக்குக் கட்டணம் சார்ந்த காரணங்கள். மேகத்தையும் சிலுவையையும் மட்டும் வைத்துப் படமெடுக்கிறவர் இவற்றை விட்டுவிட்டு, நம்பிக்கை வற்றிப்போனதுதான் கதை என்று நம்மை எண்ண வைக்கிறார்.

இந்த வகைமையின் உச்சத்தைப் பார்க்க ராபர்ட் ஆடம்ஸிடம் போக வேண்டும். கொலராடோவில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவருடைய முதல் நூல், 1970இல் வெளிவந்த ‘ஒயிட் சர்ச்சஸ் ஆஃப் த பிளெய்ன்ஸ்’, கிழக்குக் கொலராடோ சமவெளியின் வெள்ளைத் தேவாலயங்களைப் பற்றியது. அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மேகம் பயமுறுத்துவதில்லை. வெயில் பலகைச் சுவரின் மீது விழுந்து, ஒவ்வொரு பலகைக்கும் கீழே மெல்லிய நிழல்கோடு போடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் படமெடுப்பது கடினமான வேலை. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்குப் போடும். அதை அப்படியே நம்பினால் பனியும் சுவரும் அழுக்குச் சாம்பலாகிவிடும். அதிகம் திறந்துவிட்டாலோ பலகையின் ரேகை, ஆணித் தலை, உரிந்த சுண்ணம் எல்லாம் வெளுத்து ஒரே தாளாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகலான இடத்தில் நின்று, கட்டிய தச்சனின் கையைத் தெரிய வைப்பதுதான் திறமை. ஆடம்ஸ் அதைச் செய்தார். கட்டடத்தின் எளிமைக்கும் படத்தின் எளிமைக்கும் அங்கே பொருத்தம் இருக்கிறது.

இன்றைய வண்ணப் படங்களில் பலவற்றுக்கு அந்தப் பொருத்தம் கிடையாது. மிக அகலமான லென்ஸைத் தரையோடு தரையாக வைத்து, கட்டடத்தை அண்ணாந்து எடுக்கிறார்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுப்பிய சிறு கூடம் வானத்தைக் கிழிக்கும் கோபுரமாகிவிடுகிறது. பிரெய்ரியில் அடிவானம்தான் எல்லாவற்றையும் அளக்கும் கோல். அதன் முன்னே தேவாலயம் எவ்வளவு சிறியது என்பதுதான் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அன்றாடம் தெரிந்த உண்மை. அவ்வளவு சிறியதாக இருந்தும் பல மைல் தொலைவிலிருந்து கண்ணில் பட்டது என்பது அதைவிட முக்கியமான உண்மை. அண்ணாந்து எடுத்த படத்தில் இரண்டுமே இல்லை. பிறகு கணினியில் மேகத்தை இன்னும் கறுப்பாக்கி, புல்லை இன்னும் பொன்னாக்குகிறார்கள். துக்க வீட்டில் சத்தமாக அழுகிறவரைப் போலப் படம் நம் கையைப் பிடித்துக்கொண்டு, நாமும் அழ வேண்டும் என்று கேட்கிறது.

ஆடம்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வெள்ளைத் தேவாலயங்களோடு நின்றுவிடவில்லை. 1974இல் வந்த ‘த நியூ வெஸ்ட்’ நூலில், அதே கொலராடோவில் வரிசை வரிசையாக முளைத்த புறநகர் வீடுகளையும் பெட்ரோல் நிலையங்களையும் படமெடுத்தார். தூய்மையானதை மட்டும் பொறுக்கியெடுத்துச் சட்டமிடுவது நிலப்பரப்பைப் பற்றிய முழு உண்மையாகாது என்பதை அந்த நகர்வே காட்டுகிறது. தேவாலயத்தின் பக்கத்திலேயே நிற்கும் மின்கம்பத்தையும் பிரமாண்டமான உரத் தொட்டியையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதற்காகப் பத்தடி நகர்ந்து நிற்கிற கலைஞர்கள் அந்த இரண்டாம் நூலையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த உரத் தொட்டிதான், 160 ஏக்கர் பண்ணை ஏன் பல ஆயிரம் ஏக்கர் பண்ணைக்குள் கரைந்தது என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி.

வாசலைத் தாண்டியவர்களும் உண்டு. ஆல்பர்ட்டாவின் உக்ரைனியக் குடியேற்றப் பகுதியான மண்டேரில் பிறந்து, கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிந்த ஓரெஸ்ட் செம்சிஷன் அவர்களில் முக்கியமானவர். அவர் எடுத்த ஆல்பர்ட்டாவின் பைசாந்தியத் தேவாலயங்களின் படங்கள் 1976இல் எட்மன்டன் ஓவியக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. உள்ளே போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தத் தேவாலயங்களை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வெளியே சாம்பல் பூத்த மரமும் தகரக் குவிமாடமும்தான். கதவைத் திறந்தால் நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள், பளிங்கு போலத் தோன்றுமாறு தீட்டிய மரத்தூண்கள், பீடத்துக்கும் மக்களுக்கும் இடையே புனிதர் படங்கள் வரிசையாக நிற்கும் ஐகோனோஸ்டாசிஸ் என்னும் தடுப்பு, பூவேலை செய்த துணிகள், கூட்டுச் சரவிளக்கு. பீட்டர் லிபின்ஸ்கி போன்ற ஓவியர்கள் ஒரு கோயிலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய் இந்தச் சுவர்களைத் தீட்டினார்கள். கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்தும் புக்கோவினாவிலிருந்தும் 1890களிலிருந்து வந்து, மண்வீட்டிலும் புல்கட்டி வீட்டிலும் முதல் குளிர்காலங்களைக் கழித்த மக்கள், தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத வண்ணங்களை எல்லாம் இங்கே சேர்த்து வைத்தார்கள். வெளிப்புறப் படம் ஒன்று வறுமையைச் சொல்கிறது. உட்புறப் படம் அந்த வறுமையிலும் எதற்குச் செலவழித்தார்கள் என்பதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் வரலாறு.

இந்த வேலையை முறையாகச் செய்ய முனைந்தது ஆல்பர்ட்டா பல்கலைக்கழக அறிஞர்களின் ‘சாங்சுவரி’ ஆவணத் திட்டம். வரலாற்றாய்வாளர்கள் ஜான்-பால் ஹிம்கா, ஃபிரான்சஸ் ஸ்விரிபா, நாட்டார் வழக்காற்றியலாளர் நத்தாலி கோனோனென்கோ ஆகியோர் பிரெய்ரி மாகாணங்களின் உக்ரைனியத் தேவாலயங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பதிவு செய்தார்கள். முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பவில்லை. சுவரோவியம், பூசைப் பாத்திரம், துணி, புத்தகம், கல்லறைக் கல் என்று ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகப் படமாயிற்று. திருவிழாவும் அடக்கச் சடங்கும் எப்படி நடந்தன என்று கோனோனென்கோ அந்தந்தச் சபையின் முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்தார். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்ட மாட்டார்கள். ஒரு மேசைத் துணியின் படத்தில் கலை நயம் குறைவுதான். ஆனால் கூரை ஒழுகி அந்தத் துணி மக்கிப்போன பிறகு, அதைத் தைத்தவரின் பேத்திக்கு அந்தப் படம்தான் மிஞ்சும். அழகான படம் எது, பயனுள்ள படம் எது என்ற கேள்வியில் நான் தயங்காமல் துணியின் பக்கம் நிற்கிறேன்.

சாவியைக் கேட்டு வாங்கப் போகிறவருக்கு இன்னொரு விஷயமும் தெரியவரும். சாவி யாரிடமோ இருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஒருவர் புல்லை வெட்டுகிறார், மணிக்கூண்டின் கயிற்றை மாற்றுகிறார், கல்லறைத் தோட்டத்து வேலியைச் சரிசெய்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை, கோயிலின் பாதுகாவல் புனிதரின் விழா நாளில், எட்மன்டனிலிருந்தும் சாஸ்கட்டூனிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். குருவானவர் திருப்பலி நடத்தி, கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போகிறார். வருடத்தில் 364 நாள் பூட்டிக் கிடப்பதாலேயே அது கைவிடப்பட்டதாகிவிடாது. கூரை மைனஸ் நாற்பது பாகை உறைகுளிரையும் வசந்தகால உருகலையும் தாங்க வேண்டும். மரச்சீவல் ஓடு ஒன்று பெயர்ந்தாலே ஈரம் இறங்கிவிடும், பிறகு புறா, பிறகு தளம் என்று வரிசையாகப் போகும். இத்தனை வருடமும் அது நிமிர்ந்து நிற்பதே யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறுகிறார் என்பதற்குச் சான்று. அந்த ஏணிக்காரர் எந்தப் படத்திலும் இல்லை. ‘கைவிடப்பட்ட தேவாலயம்’ என்று அதன் கீழே எழுதிவிட்டால், அவருடைய உழைப்பு துடைத்தெறியப்படுகிறது. அத்தோடு, உள்ளே நுழைந்து எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு அது அழைப்பிதழும் ஆகிறது. சின்னச் சின்ன ஐகான் படங்களும் வெண்கல மணிகளும் விலைபோகும் பொருட்கள். ஆளில்லாக் கட்டடத்தின் சரியான இருப்பிடத்தைப் படத்தோடு சேர்த்து ஊருக்கு அறிவிப்பதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

தேவாலயத்தின் சமையலறையையும் யாரும் எடுப்பதில்லை. சஸ்காட்செவனின் சிற்றூர்களில் அறுவடை முடிந்ததும் ‘ஃபவுல் சப்பர்’ என்ற பெரிய விருந்து நடக்கும். வான்கோழியும் உருளைக்கிழங்கும் பூசணிப் பணியாரமும் சமைத்துச் சபையின் பெண்கள் நூற்றுக்கணக்கானோருக்குப் பரிமாறி, அந்த வருமானத்தில் கூரையையும் கணப்படுப்பையும் பழுதுபார்த்தார்கள். பல கோயில்கள் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது நிலவறையிலோ பக்கத்துக் கூடத்திலோ இருந்த அந்த அடுப்பால்தான். பீடத்தின் மீது விழும் ஒளிக்கற்றைக்கு ஆயிரம் படங்கள் உண்டென்றால், எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்த அலமாரிக்கு ஒன்றாவது இருக்க வேண்டாமா?

எது படமாகிறது என்பதில் உள்ள பாரபட்சம் இன்னும் ஆழமானது. சஸ்காட்செவனின் மேட்ஸ்டோன் அருகே ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1910 வாக்கில் ஓக்லஹோமாவின் இனவெறுப்புச் சட்டங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின விவசாயிகள் மரக்கட்டைகளைச் செதுக்கி அடுக்கிக் கட்டியது. அவர்களைப் போன்றவர்கள் இனி வரக்கூடாது என்று 1911 ஆகஸ்டில் கனடா அரசு ஓராண்டுத் தடை ஆணையே பிறப்பித்தது. அது நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், அதிகாரிகள் வேறு வழிகளில் வரவைத் தடுத்தார்கள். இந்தத் தேவாலயத்துக்கு விண்ணைத் தொடும் கூம்பு இல்லை, வெள்ளைப் பலகை இல்லை. புயல் மேகத்தின் முன்னே நிறுத்தினால் ஒரு பழைய களஞ்சியம் என்றுதான் தோன்றும். அங்கே புதைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அதைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். பிரெய்ரியில் யார் யார் வந்து வேர்விட முயன்றார்கள் என்ற கேள்விக்கு இதைவிட முக்கியமான கட்டடம் சில இருக்கலாம், அதிகம் இருக்காது. அழகின் அளவுகோல் மட்டும் கையில் இருப்பவர் இதைக் கடந்து போய்விடுவார்.

இதைவிடச் சங்கடமான இடம் லெப்ரெட். சஸ்காட்செவனின் குவாப்பெல் பள்ளத்தாக்கில், ஏரியைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் சிறிய வெள்ளைச் சிற்றாலயம் நிற்கிறது. சிலுவைப் பாதை நிலைகள் வழியாக ஏறிப் போகலாம். அவ்வளவு அழகான இடம் என்பதால் அதன் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதே லெப்ரெட்டில்தான் 1884இல் தொடங்கப்பட்ட குவாப்பெல் தொழிற்பள்ளி இருந்தது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் முதன்மையானவற்றுள் ஒன்று. கத்தோலிக்கத் துறவியரால் நடத்தப்பட்டது. 2023 ஜனவரியில் ஸ்டார் பிளாங்கெட் க்ரீ நேஷன், அங்கே நிலத்தடி ரேடார் சோதனையில் 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் மண் மாறுபாடு தெரிந்ததாகவும், ஒரு குழந்தையின் தாடை எலும்புத் துண்டு கிடைத்ததாகவும் அறிவித்தது. மாறுபாடு எல்லாமே கல்லறை என்று பொருளில்லை. அதை அவர்களே சொன்னார்கள். ஆனாலும் குன்றின் மேல் நிற்கும் வெண்மையை மட்டும் எடுத்து ‘அமைதி’ என்று தலைப்பிடுவது, அந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் பார்க்கும்படி செய்யக்கூடிய காரியமா?

உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய கோபம் பொங்கிய 2021 முதல் கனடாவில் பல தேவாலயங்கள் தீயில் அழிந்தன. ஆல்பர்ட்டாவின் மோரின்வில்லில் 1907இல் கட்டப்பட்ட புனித ஜான் பாப்டிஸ்ட் தேவாலயம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று எரிந்துபோனது. தீவைப்பை நியாயப்படுத்த மாட்டேன். பூர்வகுடித் தலைவர்கள் பலரே அதைக் கண்டித்தார்கள், தங்கள் மூதாதையர் கட்டிய கோயில்கள் என்று துயருற்றவர்களும் அவர்களில் உண்டு. இந்தப் படவகைமைக்கு இதில் உள்ள பாடம் வேறு. பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையே குவாப்பெல் ஏரிகளின் அருகே 1874இல் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கை போன்றவை இல்லாமல் அந்த 160 ஏக்கர் இல்லை, 160 ஏக்கர் இல்லாமல் அந்த வெள்ளைச் சுவர் இல்லை. குடியேறியவரின் வெறுமையை மட்டும் துக்கமாகக் காட்டும் படம், அவர் வருவதற்கு முன்பு அந்த நிலம் எப்படி வெறுமையாக்கப்பட்டது என்பதை மறைத்துவிடுகிறது.

படம் ஒன்றே இதையெல்லாம் சொல்லிவிட முடியாதுதான். அதனால்தான் படத்தின் கீழே எழுதப்படும் நான்கு வரியை நான் படத்துக்குச் சமமாக மதிக்கிறேன். மனிடோபா வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த கோர்டன் கோல்ட்ஸ்பரோ 2016இல் வெளியிட்ட ‘அபேண்டன்ட் மனிடோபா’ நூலின் பலம் இதுதான். அவர் நீர்வள விஞ்ஞானி. உறைவிடப் பள்ளியோ வங்கியின் பெட்டகமோ தானியக் கோபுரமோ, எதை எடுத்தாலும் யார் கட்டினார், எதற்காக, ஏன் விட்டுப்போனார் என்று தேடி எழுதுகிறார். படம் அங்கே வாசகரை உள்ளே கூட்டிப்போகும் வழி, முடிவு அல்ல. 1933இல் தொடங்கிய அமெரிக்காவின் வரலாற்றுக் கட்டட அளவைத் திட்டம் இன்னும் கறாரானது. படத்தோடு அளந்து வரைந்த வரைபடமும் வரலாற்றுக் குறிப்பும் சேர்ந்தால்தான் அங்கே பதிவு முழுமை பெறும். எரிந்துபோன கட்டடத்தை மறுபடி எழுப்ப வேண்டுமென்றால் ஜன்னலின் அகலம் தேவை; மேகத்தின் நிறம் உதவாது.

ஆனாலும் அழகான படத்துக்கு ஒரு வலிமை இருப்பதை மறுக்க முடியாது. அளவு வரைபடத்தைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. வடக்கு டகோட்டாவின் பிரெய்ரி தேவாலயங்களை 2001இல் அமெரிக்காவின் தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை, மிகவும் ஆபத்தில் உள்ள 11 வரலாற்றிடங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயர் பெற்ற ஒரே கட்டடத்தை விட்டு, சிறு சிறு கோயில்களின் முழுத் தொகுதியையே சேர்த்தது அதில் குறிப்பிடத்தக்கது. பெயர் தெரியாத கட்டடங்களுக்காகத் தொலைதூர நகரவாசிகளின் மனம் அசைய வேண்டுமென்றால் முதலில் அவர்கள் கண்ணில் பட வேண்டும். புயல் மேகத்தின் மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், சில கூரைகளுக்கு அந்த மேகமும் ஆணி வாங்கித் தந்திருக்கும்.

இன்னொரு விதத்திலும் தூரத்திலிருந்து எடுத்த படத்தின் பக்கம் நான் பேச வேண்டியிருக்கிறது. ஆல்பர்ட்டாவின் ஸ்மோக்கி லேக் அருகே உக்ரைனியக் குடியேறிகள் கட்டிய புனித ஓனுஃப்ரியஸ் தேவாலயம் 1990களில் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கிழக்கே, ஒட்டாவாவை அடுத்த கட்டினோவில் இன்று கனடா வரலாற்று அருங்காட்சியகம் என்று வழங்கும் இடத்தில், கூரைக்குள்ளே ஒரு கூரையாக நிறுத்தப்பட்டது. அங்கே அது நனையாது, புறா அடையாது, திருடுபோகாது. உள்ளே உள்ள ஒவ்வொரு ஓவியத்தையும் நெருங்கிப் பார்க்கலாம். நான் மேலே கேட்டதெல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காதது அந்தக் கோயில் நின்ற வயலும், காற்று வந்த திசையும், எந்தப் பண்ணையின் வாசலிலிருந்து அதன் குவிமாடம் தெரிந்தது என்பதும். பெயர்த்துக் கொண்டுபோக முடியாதவை இவை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்துகிற படக்காரர் தரையில் படுக்காமல், பத்தடி நகர்ந்து மின்கம்பத்தை ஒதுக்காமல், அடிவானத்தோடும் அயல் வீட்டோடும் கல்லறை வேலியோடும் சேர்த்து எடுத்தால் இவற்றைப் பதிந்துவிடலாம். எடுத்தபின் அடுத்த பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியும் கேட்கலாம்.